கழுவி மாட்டிய கத்தி

தீர்ப்பு வந்து மூன்று வாரமாகிறது. என் வீட்டுக்காரர் மறுபடி எங்கள் கறிக்கடையில் வெட்டுகிறார். எடை போடுவது நான். நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனாலும் அவர் கத்தியைக் கழுவும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சம்பவம் நடந்த அன்று மத்தியானம், நாங்கள் வேலையை விட்டு நிறுத்திய ஆள் குடித்துவிட்டு இரும்புக் கம்பியோடு உள்ளே வந்தான். என்னைச் சுவரோடு சாய்த்து, கம்பியைக் கழுத்தில் குறுக்கே வைத்து அழுத்தினான். இவர் இரண்டு தடவை பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை. எனக்குக் கண் இருட்டியது. இவர் ஒரே ஒரு வெட்டு வெட்டினார். அவன் கம்பியைப் போட்டுவிட்டு விழுந்தான்.

அதன்பிறகு இந்த மகராசன் என்ன செய்தார் தெரியுமா? கத்தியைக் குழாயில் கழுவி ஆணியில் மாட்டினார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அப்புறம்தான் துண்டை எடுத்து அவன் காயத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் அவன் உயிர் போய்விட்டது.

கொலை, தடயத்தை அழித்தது என்று இரண்டு குற்றம் சுமத்தினார்கள். நிரூபித்தால் ஆயுள் தண்டனை.

"கழுத கெட்டா குட்டிச்சுவரு, நீங்க கெட்டா குழாயடியா?" என்று அழுதுகொண்டே திட்டினேன்.

எங்கள் வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்: "உயிரைக் காப்பாத்த வேற வழியே இல்லன்னா கொல்லக்கூட சட்டம் இடம் குடுக்குது. பக்கத்துல இருக்கறவங்க உயிருக்கும் அது பொருந்தும். ஆனா ஆபத்து போனதும் கை நிக்கணும்."

கோர்ட்டில் அரசு வக்கீல் மடக்கினார். "பதறிப்போன மனுஷன் கத்தியைக் கழுவுவானா?"

"பழக்கங்க. வெட்டி முடிச்சா கழுவி மாட்டிருவேன்," என்றார் இவர்.

கோர்ட்டில் பேசுகிற பேச்சா இது, பாவி மனுஷன்.

நீதிபதி நிமிர்ந்தார். "நீங்க கழுவும்போது அவர் உயிரோட இருந்தாரா?"

"இருந்தாருங்க ஐயா. முழிச்சுப் பாத்துட்டுத்தான் கெடந்தாரு."

"மறுபடி ஏன் வெட்டல?"

"எதுக்குங்க? கம்பிதான் கீழ விழுந்துருச்சே. இவளும் மூச்சு விட ஆரம்பிச்சுட்டா."

ஆபத்து நீங்கியதும் ஆயுதத்தை எடுத்து மாட்டியவர், கழுவியது பழக்கத்தில்தான், மறைக்க அல்ல என்று தீர்ப்பில் எழுதி, இரண்டு குற்றத்திலிருந்தும் விடுவித்தார் நீதிபதி. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று சாப்பிடும்போது கேட்டேன். "அந்த ஆள நெனச்சு வருத்தமா இருக்கா?"

"செத்துப்போனதுக்கு வருத்தம்தான். வெட்டுனதுக்கு இல்ல," என்றார். "நீ எதிர்ல உக்காந்து சாப்பிடுறியே."