ஐஸ் பெட்டிக்காரர் வீடு

தனசேகர் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடந்துகொண்டிருந்தான். ராசிபுரத்திலும் ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை. பங்குனி வெயில் ஏறிவிட்டால் சுற்றுவட்டாரத்துக் கிழடுகள் வரிசைகட்டிக் கிளம்பிவிடும். உள்ளே அவன் அப்பா வேலுசாமி கட்டிலில் கிடந்தார். விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டே சாய்ந்தவர், எழவே இல்லை.

ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கை மட்டும் நம்பியிருந்தால் குடும்பம் என்றோ தலைகுப்புற விழுந்திருக்கும். தாங்கிப் பிடித்தது வேலுசாமி வாடகைக்கு விட்ட ஐஸ் பெட்டிதான். ‘பொணப்பெட்டிக்காரன்’ என்று முதுகுக்குப் பின்னால் சொன்ன ஊர், தன் வீட்டில் சாவு விழுந்ததும் முதல் போனை அவருக்குத்தான் போட்டது. மகள் சித்ரா நர்சானது அந்தப் பெட்டியால்தான். ஹைதராபாத்திலிருந்து அவள் வந்துசேர மாலை ஐந்தாகும்.

இருந்த ஒரே பெட்டியை, நேற்றுத்தான் வெண்ணந்தூர் சென்னியப்பன் வீட்டுச் சாவுக்கு வேலுசாமியே இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

“நம்ம பெட்டிதானுங்கம்மா. போயி எடுத்துட்டு வாரேன்” என்றான் தனசேகர்.

“அவிங்க யாருக்காகக் காத்திருக்காங்க?” என்றாள் அவன் அம்மா ஆத்தாயி.

“பையன் சிங்கப்பூர்ல இருந்து நாளைக்கு வாரானாமா.”

“அப்ப அவங்கப்பனத் தூக்கி வெளிய போட்டுட்டு எடுத்தாருவியா?”

“மத்தியானத்துக்குள்ள அப்பாவ எடுத்தரோணும்னு பங்காளிங்க சொல்றாங்க. பாப்பா அப்பா மூஞ்சியப் பாக்க வேண்டாமா?”

சித்ரா அப்பன் செல்லம். ஆனால், கேட்டால் இந்த மனுஷன் என்ன சொல்வார் என்பதும் ஆத்தாயிக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடமாகத் தெரியும். அதுதான் எரிச்சலாக வந்தது.

“பெட்டி அங்கயே இருக்கட்டும். நீ போயி ஐஸ் கட்டி வாங்கியா சாமி. பங்காளிங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

உமி பரப்பி, ஐஸ் கட்டிகளை அடுக்கி, நடுவில் அவரைக் கிடத்தினார்கள். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள் ஆத்தாயி. பங்காளிகள் முனகினார்கள், டீ குடித்துவிட்டு மறுபடியும் முனகினார்கள். வேர்க்காமல் ஒரு பங்குனிப் பகல்கூட இவர் படுத்ததில்லையே என்று நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்தரைக்குக் கார் வந்தது. ஓடிவந்த சித்ரா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“பெட்டி எங்கம்மா?”

“வேலைக்குப் போயிருக்குது சாமி.”

அழுகைக்கு நடுவே சித்ரா சிரித்துவிட்டாள். பிறகு மண்டியிட்டு, அப்பாவின் இரண்டு கன்னங்களையும் கைகளில் ஏந்திக்கொண்டாள். நடுவில் கண்ணாடி எதுவும் இல்லை. மீசையில் கோத்திருந்த தண்ணீரைத் துப்பட்டா நுனியால் ஒற்றியெடுத்து, இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டாள்.