தாத்தாக்கள் வரிசையில் நின்ற வீடு

சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே ஏழு தலைமுறையாக வெளி ரத்தம் கலக்காத ஒரே வம்சம் சங்கரராமன் வீட்டு வம்சம்தான். அத்தை மகள், மாமன் மகள் தவிர யாரையும் கட்டியதில்லை. அதனால் வயலும் வெளியே போகவில்லை, வியாதியும் வெளியே போகவில்லை. மகன் ஸ்ரீராம்குமாருக்கும் மகள் சிவப்ரியாவுக்கும் சிறு வயதிலிருந்தே எலும்பெல்லாம் வலிக்கும், கண் மஞ்சளிக்கும். சூடு என்று இளநீர் கொடுத்தார்கள். ரத்தம் சோதிக்கச் சொன்ன டாக்டரிடம், "எங்க ரத்தத்தைச் சோதிக்க நீரு யாருவே?" என்று கேட்டுவிட்டு வந்தார் சங்கரராமன். கல்லூரி முடிக்கும்போது சிவப்ரியாவுக்குச் சிறுநீர் நுரைத்தது. இருந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து எழுந்து போனாள். அவள் போகும்போதெல்லாம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தாத்தாக்களில் சிலரும் படத்திலிருந்து இறங்கி, கழிப்பறை வாசலில் அவளுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். சங்கரராமனுக்கு உறுத்தியது ஒன்றுதான்: படச் சட்டம் காலியாக இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

கட்டிக்கொடுக்க முறைப் பையன் யாரும் மிஞ்சாததால், போன வருடம் புளியங்குடியிலிருந்து அசலார் பெண் பார்க்க வந்தார்கள். பாதியில் எழுந்து போய்விடக் கூடாதென்று அன்று காலையிலிருந்து அவளுக்குத் தண்ணீரே கொடுக்கவில்லை.

"நாக்கு ஒட்டுதும்மா, ஒரு மடக்கு."

"கொஞ்சம் பொறுட்டி, அவுக போயிரட்டும்" என்றாள் தாய் நெல்லையம்மாள்.

காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறி விழுந்தாள். சுவரிலிருந்து தாத்தாக்கள் திமுதிமுவென்று குதித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா காலை ஒதுக்கி வழிவிட்டு, "கூட்டுக் குடும்பம்னு நீங்க சொல்லவேயில்லையே அண்ணாச்சி" என்றார்.

"வம்சத்த நீங்க பாத்துக்கிடுங்க. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு நெல்லையம்மாள் மகளைக் காரில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனாள். ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன. தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதி கொடுத்தால்தான் வருகிற நோய். இன்னும் கொஞ்ச நாள் வைத்தியமும் தண்ணீரும் இல்லாமல் வைத்திருந்தால் சிறுநீரகம் மிஞ்சியிருக்காது என்றார்கள். குறை பெண்டாட்டி வீட்டுடையது என்று நிரூபிக்கச் சங்கரராமனும் கையை நீட்டினார். பெண்டாட்டி தன் சொந்த அத்தை மகள் என்பது ஊசி ஏறிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மகனுக்கும் அதே நோய். ஆனால் அவன் ரத்தத்தில் இன்னொரு மரபணுவும் பிசகியிருந்தது. அந்த இரண்டாவது பிசகுதான் அவன் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கும் என்றார் டாக்டர். அதிலிருந்து சங்கரராமன் தேரடியில், "எம் பையனுக்கு ரெண்டு குறை, தெரியும்லா?" என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

சிவப்ரியா இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள், நுரை குறைந்திருக்கிறது. கல்யாணப் பேச்சை அவளே நிறுத்திவிட்டாள். தாத்தாக்களுக்கென்று கொல்லையில் தனிக் கழிப்பறை கட்டியாயிற்று; இறங்கிப் போகிறார்கள், வருகிறார்கள், தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை. போய்விட்டுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. சங்கரராமன்தான் வாளியோடு போகிறார்.