றெஜி இல்லாத படம்

குருநகர் இறங்குதுறையில் நீக்கிலாப்பிள்ளை வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். கால் முறிந்த நண்டைக் கம்பெனிக்காரன் அரைவிலைக்குத்தான் எடுப்பான். அதனால் கமெராவோடு இரண்டுபேர் வந்து நின்றபோதும் அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"ஐயா, பாட்டுக்காரர் றெஜியின்ரை அப்பா நீங்கள்தானே?"

"ஓம். அது அவனுக்கு ஞாபகமிருக்கோ எண்டு அவனைத்தான் கேக்கோணும்."

கேட்டவள் துஷாந்தினி, கனடாவிலிருந்து வந்தவள். கமெராக்காரன் ஜெரிசன் ஊர்ப் பெடியன்தான். வெளிநாடுகளில் எலெக்ட்ரிக் கித்தாரோடு விளையாட்டு மைதானங்களை நிரப்புகிற றெஜியைப்பற்றி அவள் படம் எடுக்கிறாளாம். ஆனால் படத்தில் றெஜி வரமாட்டானாம்.

"மாப்பிள்ளை இல்லாமல் கலியாணமோ, பிள்ளை?"

ஜெரிசன் சிரித்துவிட்டான். துஷாந்தினி சிரிக்கவில்லை. "அவர் விட்டுட்டுப் போன இடத்தைக் காட்டப்போறன் ஐயா. அவரின்ரை பாட்டுக்கூட இல்லை, கித்தார் மட்டுந்தான்."

"எனக்கு வேலை கிடக்கு."

"படம் முடிஞ்சதும் முதல் ஆளாய் அவர்தான் பாப்பார்."

அப்போதுதான் நீக்கிலாப்பிள்ளை வலையைக் கீழே போட்டார்.

றெஜியோடு கதைத்து வருசக்கணக்காகிவிட்டது. பழைய நம்பர் வேலைசெய்யவில்லை. புது நம்பரை மனேசர் என்கிறவன் தரமாட்டான். வீட்டில் அவர் மனைவி மக்டலீன் ஈரல் பழுதாகிப் பாயில் கிடந்தாள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுப்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றால் போதும், "றெஜியோ?" என்பாள்.

"இதுக்குள்ளை பாத்துக் கதைச்சால் அவனுக்குக் கேக்குமோ?"

"கேக்கும் ஐயா. கதையுங்கோ."

அவர் கமெராவுக்கு முன்னால் போய் நின்றார். படகுக்குப் படகு கூப்பிடுகிற குரலிலேயே கதைத்தார்.

"றெஜி, அப்பா கதைக்கிறன். அம்மாவுக்கு வருத்தம் கடுமை. உன்ரை காசு வேண்டாம். ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ. வர ஏலாட்டி, போன் எடுத்து அம்மா எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. ஓவர்."

பிறகு வாயை மூடிக்கொண்டார். படகு வோக்கி-டோக்கியில் பழகிய வாய் அது. கடலில் ஒருவன் சொல்லி முடித்தால் பொத்தானை விட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மற்றப் படகுக்காரன் சொல்வது வந்து சேராது. இந்தக் கமெராவுக்குள்ளிருந்து ஒன்றும் வராதென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்து மெல்ல முன்னுக்குச் சாய்ந்தது. கண் அதன் கண்ணாடியை விட்டு அசையவில்லை. ஜெரிசன் கமெராவை நிற்பாட்டப் போனான். துஷாந்தினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாசக்கணக்காகப் போன் வரவில்லை. படம்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் போட்டார்கள். வேண்டாமென்று சொல்லச் சொல்ல மக்டலீனும் ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

வாசலில் துஷாந்தினி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "ஐயா, உங்கடை சீன்தான் இந்தப் படத்தின்ரை உயிர். றெஜி பாத்திட்டு அழுதவராம்."

"அழுதவனோ? பிறகேன் போன் எடுக்கேல்லை?"

அதற்குள் அவளை ஆரோ மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

லைட்டை அணைத்தார்கள். வெறும் படகுகள், கோயில் மணிக்கூண்டு, நாய் படுத்திருந்த ஒழுங்கை. ஒருவரும் கதைக்கவில்லை, கித்தார் மட்டும் இழுத்து இழுத்து அழுதது. கடைசியில் திரை நிறைய நீக்கிலாப்பிள்ளையின் முகம். வாய் மூடியிருந்தது. கழுத்து மெல்ல முன்னுக்குச் சாய்ந்தது. அவர் கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டார். இது கதைத்து முடித்த பிறகு இருந்த முகம். கதைத்தது எங்கே?

"என்ன முகமப்பா!" என்று பின்னால் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"அம்மாவுக்குக் கடுமை எண்டு சொன்னனீங்களே?" மக்டலீன் அவர் காதுக்குள் கேட்டாள்.

"சொன்னனான்."

கித்தார் நின்றது. திரையில் முகம் அப்படியே இருந்தது. முன்வரிசைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு மண்டபம் முழுக்க எழும்பிவிட்டது.

மக்டலீனால் எழும்ப முடியவில்லை. முதுகுகளின் இடையால் எட்டிப் பார்த்தபடி அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, உவையளை இருக்கச் சொல்லுங்கோ. நீங்கள் இனித்தானே கதைக்கப்போறியள்."