பின்னால் நின்றவள்

வெள்ளத்தாய்க்கு வந்த ஆத்திரத்தில் படம் கழுவும் இருட்டறைத் தட்டு கவிழ்ந்து, மருந்துத் தண்ணீர் காலெல்லாம் ஓடியது. ஓடட்டும்! ராஜபாளையத்தில் பாதிப் பேருக்குப் படம் பிடித்த ஸ்டுடியோக்காரன் வீட்டில், செத்துப்போன மாமியாருக்கு, அவளைப் பெற்றவளுக்கு, மாலை போட ஒரு படம் இல்லை. இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல?

அவள் அம்மா சுந்தரம்மாள் கேமராவைக் கண்டாலே ஒதுங்குவாள். "என்னைய எதுக்குய்யா, பிள்ளைகளப் பிடிங்க" என்பாள். சிக்கியது ஒரே தடவை, ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளத்தாயின் தங்கச்சி அய்யம்மாள் கல்யாணத்தில். பெண்ணுக்குப் பின்னால் நின்று, அதிசயமாக நேரே பார்த்திருந்தாள். எல்லா வீட்டிலும் செய்வதுபோல அவளை மட்டும் தனியாகப் பிரித்துப் பெரிதாக்கிவிடலாம் என்றிருந்தாள் வெள்ளத்தாய். பெரிதாக்கினால் வந்தது முகமா? மாவுக் கரைசல்.

எல்லாம் அந்தக் கல்யாணத்துக்கென்று வாங்கிய லென்ஸால் வந்த வினை. மதுரைக் கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று கூர்மையானது, பின்வரிசையில் நிற்பவரின் இமைகூடத் தெரியும், ஆனால் இருட்டில் ஃபிளாஷ் இல்லாமல் ஆகாது. மற்றது வேகமானது. மங்கல் வெளிச்சமே போதும். ஆனால் அதன் துளையை முழுதாகத் திறந்தால் ஒரு முகம்தான் தெளியும், மற்றவர்கள் கரைந்துபோவார்கள்.

"கூர்மையானத வாங்குங்க. கல்யாணத்துக்கு அம்புட்டுப் பேரும் வாராக, அம்புட்டுப் பேரும் தெரியணும்" என்று வெள்ளத்தாய் தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு என்னட்டி தெரியும்? மண்டபம் இருட்டு. பொண்ணு மொகம் பளிச்சுனு நிக்கும் பாரு" என்று புருஷன் சேதுபதி வேகமானதைத் தூக்கி வந்தான். தாலி கட்டும்போது இருட்டு, சரி. குடும்பமாக வாசல் வெளிச்சத்துக்கு வந்த பிறகாவது அந்தத் துளையைக் கொஞ்சம் சுருக்கினானா? சுருக்கியிருந்தால் பின்னால் நின்ற அம்மாவும் தெளிந்திருப்பாள். புதுப் பவிசு, விடுமா!

இப்போது அவனே கதவருகில் வந்து நின்றான். "ஏன் இப்படிக் கத்துத? கண்ணு மூக்க பிரஷ்ஷால வரைஞ்சு விட்டுருவோம். எவனுக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா! எங்கம்மாவ நீங்க வரையப்போறீகளோ? அவளுக்குத் தழும்பு எந்தப் புருவத்துல? சொல்லுங்க!"

"வலது... வலதுதான்."

"எதுலயும் கெடையாது! ஒரு நாளாச்சும் அவ மொகத்தப் பாத்திருக்கீகளா?"

கருமாதியன்று அந்த மங்கல் படத்துக்கே சட்டம் போட்டு மாலை சாத்தினாள். சேத்தூர் சொந்தமெல்லாம் வந்திருந்தது. அய்யம்மாள் படத்தின் முன்னால் குனிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, எங்கண்ணுதான் சரியில்லையா? அம்மா மொகமே தெரியலயே."

"ஒங்கண்ணு நல்லாத்தாம்ட்டி இருக்கு." வெள்ளத்தாய் கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள். "அத்தான்கிட்டக் கேளு. அவுகதான் ஒம் மொகம் தெரிஞ்சாப் போதும், அம்மா தெரிய வேண்டாம்னு லென்ஸ வெச்சாக."