சேத்துப்பட்டுக்கும் செய்யாற்றுக்கும் நடுவே

"எங்க, இன்னொரு வாட்டி சொல்லு பாப்போம்" என்று பிரபாகரன் நாற்காலியைப் பின்னால் தள்ளி வழிவிட்டான். சூர்யகலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றாள். திரையின் ஒரு பாதியில் பாதி முடிந்த மாங்காய் பார்டர், கட்டம் கட்டமாக. மறு பாதியில் மரம், வீடு, பச்சை எதுவுமே இல்லாத மொட்டை மலைகள். பட்டுப் புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது பிரபாகரனின் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்காக வாங்கின பெரிய திரையில் ஒரு வருஷமாக இமயமலைதான் அதிகம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி விரலை வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஆரணியில் கிளம்புவார்கள். முதலில் கண்ணமங்கலம். அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஓடை, ஓடையோரம் கூடாரம். அப்புறம் சேத்துப்பட்டு. அதற்கும் அப்புறம் செய்யாறு. செய்யாறு இறங்கிவிட்டால் திரும்பவும் ஆரணி.

வேறு யாராவது கேட்டால் டவுன் பஸ் போகிற ஊர்களைச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். இமயமலையில் ஸ்பிதிப் பக்கம் இருக்கிற அந்தக் கணவாய்களுக்குப் பெயர் கிடையாது. ஆடு மேய்க்கிறவன்கூடப் போகாத இடம். வரைபடத்தில் வெறும் உயரத்தை மட்டும் போட்டு விட்டிருந்தார்கள். பாதையும் கிடையாது. பிரபாகரனும் அவன் சிநேகிதன் கண்ணமங்கலத்து அருள்தாஸும் சாட்டிலைட் படங்களை உருட்டி உருட்டிப் பார்த்து, எந்தச் சரிவில் கல் உருளும், எந்தப் பக்கம் வெயில் பட்டுப் பனி இளகும், ஆற்றை எங்கே தாண்டலாம் என்று யோசித்து, தாங்களாகவே ஒரு சுற்று வழி போட்டிருந்தார்கள். அதற்கெல்லாம் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்தது அருள்தாஸ். சிஸ்டருக்கு ஞாபகம் நிற்க வேண்டும் இல்லையா என்றானாம். ஏனென்றால் ஊரில் இருந்துகொண்டு திட்டத்தைக் கையில் வைத்திருக்கப் போகிற ஆள் சூர்யகலாதான். சொன்ன நாளுக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த இடத்திலிருந்து தேடச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. இப்படி வழியில்லாத மலையில் போகிறவர்கள் எல்லாருமே ஒருவரைக் கீழே விட்டுவிட்டுத்தான் போவார்களாம்.

"சேத்துப்பட்டுக்கும் செய்யாத்துக்கும் நடுவுல எதுனா ஆச்சுன்னா?"

அந்த இரண்டு கணவாய்களுக்கும் நடுவே ஒரு நீளமான பள்ளத்தாக்கு கிடந்தது. கீழ்க்கோடியில் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த வழியாக மனுஷன் இறங்க முடியாது. வெளியே வர வேண்டுமானால் வந்த கணவாயைத் திரும்ப ஏற வேண்டும், இல்லையென்றால் அடுத்ததை ஏற வேண்டும். போன் எடுக்காது. சாட்டிலைட்டில் சேதி அனுப்புகிற கருவியைத் தனி ஆள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள இங்கே அனுமதி இல்லை. அங்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு அவன் படத்தைப் பெரிதாக்கினான். அந்தப் பள்ளத்தாக்குக்காகத்தான் இந்தப் பயணமே என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசும்போது அவன் குரலே வேறாகிவிடும். கல்யாணம் நிச்சயமான புதிதில் போனில் அவளோடு பேசின குரல் அது, அதற்குப் பிறகு வீட்டில் அவள் அதிகம் கேட்டதில்லை.

அவள் கேட்ட கேள்வி அவனைப் பற்றியது அல்ல, அவன் அங்கே இருக்கும்போது இங்கே தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்பதைப் பற்றியது. அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊர்ப்பெண்கள் கொண்டுவந்து வைக்கும் சின்ன டப்பாக்களைப் பார்த்து நல்ல சேதி சொல்லி அனுப்புகிறவள் அவள்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த மதியத்தில் தன்னுடையதைத் தானே பார்த்துக்கொண்டாள். கோடு இரண்டாக விழுந்தபோது சந்தோஷம் வரவில்லை, பாழாய்ப்போன பயம்தான் வந்தது. இது மூன்றாவது. முந்தின இரண்டும் தங்கவில்லை.

முதல் தடவை அவன் உத்தராகண்டுக்கு டிக்கெட் எடுத்துப் பை கட்டி வைத்திருந்தான். புள்ளத்தாச்சியின் புருஷன் மலை ஏறக் கூடாது. இது அவன் அம்மா ராஜம்மாள் கண்டுபிடித்த சட்டம் அல்ல, அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ளதுதான். மற்ற வீடுகளில் ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று கொஞ்சம் நீக்குப்போக்கு உண்டு. ராஜம்மாளிடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது, நாள் தள்ளின அன்றைக்கே அமலுக்கு வந்துவிடும். பிரபாகரன் மறுபேச்சுப் பேசாமல் பையைப் பிரித்துப் பரண்மேல் போட்டான். மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை பக்கத்தில் இருக்கிற பர்வதமலைக்குக்கூடப் போகாமல் வீட்டோடு கிடந்தான். அதுவும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான், ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. ஆனால் தூரத்தில் ஜவ்வாது மலை மங்கலாகத் தெரிகிற பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அந்தப் பார்வை அவள் மனசில் தைத்துவிட்டது. பிள்ளையும் இல்லை, மலையும் இல்லை. தன்னைக் கட்டிக்கொண்டு இந்த மனுஷன் என்னத்தைக் கண்டான் என்று அன்றைக்கு முழுக்க அழுதாள்.

அதனால்தான் இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவன் போய்விட்டு வரட்டும். வயிற்றில் இருப்பது தங்கினால் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். தங்காவிட்டால் அவனுக்கு அந்தப் பள்ளத்தாக்காவது மிஞ்சும். குமட்டல் வரும்போது குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள். மாமியார் கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று டியூட்டி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பரிசோதனைக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இந்தச் சம்பிரதாயத்திலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று கூட வேலை செய்கிற பெண்களிடம் பேசுவாள். ஆனால் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவன் மலைச்சரிவில் ஏதோ கல்லில் கால் வைத்து வழுக்குகிற மாதிரியே தோன்றும். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால், தெரிந்தே அனுப்பி வைத்தவள் நீதானே என்று கேட்க யாரும் வேண்டாம், அவளே கேட்டுக்கொள்வாள்.

கிளம்புகிற நாள் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை அருள்தாஸ் வண்டியில் ஒரு மூட்டை சாமானோடு வந்து இறங்கினான். கூடம் முழுக்கக் கயிறும் அடுப்பும் அவல் பொட்டலமும் வேர்க்கடலையும் பரப்பி வைத்து, எதை எடுப்பது எதை விடுவது என்று இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். ராஜம்மாள் பருப்புப்பொடி இடித்துக் கட்டிக் கொடுத்தாள். மருமகள் வயிற்றில் ஒன்றும் இல்லை என்கிற தைரியத்தில் மகன் மலைக்குப் போவதில் அவளுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, கைலாசத்துக்குப் பக்கமா என்று மட்டும் கேட்டுவைத்தாள். அவள் குறையெல்லாம் அவன் முகத்தின் மேல்தான்.

"இன்னாத்துக்குடா இந்தத் தாடி? பண்டாரம் மாதிரி திரிஞ்சிகினு."

அருள்தாஸும் சேர்ந்துகொண்டான். மலைக்குக் கிளம்பும் முன்னால் தலையை ஒட்ட வெட்டி முகத்தை மழமழவென்று வழித்துக்கொண்டு வருகிற ஆள், தண்ணி கிடைக்காத இடத்தில் முடி ஒரு பேஜார் என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிற ஆள், இந்த வருஷம் சாமியாராகவே தங்கிவிட உத்தேசமா என்று சீண்டினான். பிரபாகரன் சிரிக்கவில்லை. குளிருக்கு இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக் கயிற்றைச் சுருட்டினான். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சூர்யகலாவுக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. அருள்தாஸ் போன பிறகு, மாமியார் மாவரைக்கப் போன நேரம் பார்த்து, அலமாரியில் உளுத்தம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். அவள் எப்போதும் அட்டையை டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில் செங்குத்தாகச் செருகி வைப்பாள். அது படுக்கப் போட்டிருந்தது. டப்பாவும் இடம் மாறியிருந்தது. சில வாரங்களுக்கு முன்னால் அவல் அளந்து வைக்கக் காலி டப்பா தேடி இந்த அலமாரியைக் குடைந்தவன் பிரபாகரன்தான், அன்றைக்கே பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு மறுபடியும் மறுபடியும் பார்த்திருக்கிறான். அது என்ன மாத்திரை என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, முந்தின இரண்டு தடவையும் மருந்துக்கடையில் நின்று வாங்கி வந்தவன் அவன்தானே. அந்த வாரத்திலிருந்துதான் தாடி.

புள்ளத்தாச்சியின் புருஷன் மலை ஏறக் கூடாது. அவன் முடியும் எடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே மூச்சில் சொல்கிற விஷயம். அதில் சின்னதை மட்டும் எடுத்துக் கடைப்பிடித்துக்கொண்டு, பெரியதைத் தெரியாதது போல விட்டுவிட்டு, தினமும் அவளை நிற்க வைத்துக் கண்ணமங்கலம் சேத்துப்பட்டு என்று ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறான். அடப்பாவி மனுஷா என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கோபமாகத்தான் தொடங்கியது. ஆனால் தாடியை நினைத்தபோது கோபம் முழுசாக நிற்கவில்லை. அவனும் பயந்துதான் இருக்கிறான், ஏதோ தன்னால் முடிந்த அளவுக்குப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறான் என்று மனசு அவனுக்காகப் பேசியது. அப்படிப் பேசுகிற மனசின் மேலும் எரிச்சல் வந்தது.

மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது கேட்டாள். ராஜம்மாள் வாசலில் கீரைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள், காதுக்கு எட்டாத தூரம் என்று சொல்ல முடியாது.

"தாடிய எடுத்துட்டுப் போங்க."

"இருக்கட்டும். குளுரு."

"அத்தை பாத்துகினே கீறாங்க. இன்னும் ரெண்டு நாள் போனா தானா புரிஞ்சிடும் அவங்களுக்கு."

காபி தம்ளர் அவன் கையில் அப்படியே நின்றது. அவள் அவனையே பார்த்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது, அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, வெறுப்பாகவும் இருந்தது.

"நீயா சொல்லுவேன்னுதான் காத்துகினு இருந்தேன், கலா" என்றான் மெதுவாக. "இப்பவும் ஒண்ணும் இல்ல. நீ ஒரு வார்த்தை சொல்லு, நின்னுடறேன்."

மறுபடியும் தன் தலையிலா என்று நினைத்தாள். இரண்டு தடவை அவனை நிறுத்தி வைத்ததும் அவள் வயிறுதான். மூன்றாவது தடவையும் அவள் வாயாலேயே வர வேண்டுமாம். வாயைத் திறந்து போக வேண்டாம் என்று சொன்னால் நின்றுவிடுவான், அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் காலத்துக்கும் அந்த ஆட்டோவில் பார்த்த முகம்தான். நிற்கிற ஆளுக்கு அவள் வார்த்தை எதற்கு? தெரிந்த அன்றைக்கே நின்றிருக்கலாமே.

"நான் எதுக்குச் சொல்லணும்" என்றாள். "குப்புராஜ் சலூன் தொறந்திருக்கும். போய்ட்டு வாங்க."

அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்புகிறவரை அவள் அடுப்பங்கரையிலேயே நின்றாள். அவனை அனுப்பின நிமிஷத்திலிருந்தே அவளுக்கு ஒரு நம்பிக்கை முளைத்துவிட்டது, பைத்தியக்கார நம்பிக்கைதான். சலூன்வரை போவான். குப்புராஜ் துணியைக் கழுத்தில் போர்த்தும்போது அவனால் உட்கார முடியாது. எழுந்து, தாடியோடு திரும்பி வந்து, அம்மாவுக்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவான். அருள்தாஸுக்கும் போன் போட்டுவிடுவான். அவள் ஒன்றும் சொல்லாமலே அவனாக நின்றுவிட்டால், அந்த முகத்தை அவள் மறந்துவிடலாம், பிள்ளை தங்கினாலும் தங்காவிட்டாலும். இதையே நினைத்துக்கொண்டு கீரையை ஆய்ந்தாள். தண்டையும் இலையையும் ஒன்றாகப் போட்டுவிட்டு மறுபடியும் பிரித்தாள். வெளியே ஒவ்வொரு வண்டி போகும்போதும் வயிற்றில் கை போயிற்று.

அவன் சீக்கிரமே வந்துவிட்டான். ராஜம்மாள்தான் முதலில் பார்த்தாள். "இப்பதான் என் புள்ள மூஞ்சி தெரியுது" என்று இரண்டு கையாலும் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சூர்யகலா அடுப்பங்கரை வாசலுக்கு வந்தாள். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, நெற்றியும் மூக்கும் ஒருவனுடையது, தாடையும் கன்னமும் வேறொருவனுடையது போல இருந்தது. காதுக்குக் கீழே கத்தி பட்டுக் கீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஜல்தியில் மழித்த மாதிரி இருக்குது, கொஞ்சம் மஞ்சள் வையேம்மா என்று மாமியார் மருமகளை ஏவிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சூர்யகலா டப்பாவைத் திறந்து விரலில் மஞ்சள்தூளைத் தொட்டுக்கொண்டு வந்தாள். அவள் உயரத்துக்கு வாகாக அவன் தலையைச் சாய்த்துக் கொடுத்தான். அவள் கீறலில் விரலை வைத்தாள். எரிச்சலில் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வழுவழுவென்றிருந்த அந்தத் தாடையில் மஞ்சளும் ரத்தமும் குழைந்து அவள் விரலோரமாக வழிந்தது. அவள் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றாள்.