பன்னிரண்டு சதவீதம்

ஊரில் வேறு பேனர் கடையே இல்லாததுபோல் டியூஷன் சென்டர்காரர் இவர்கள் கடைக்குத்தான் ஆர்டர் கொடுத்தார். கல்லூரி நுழைவுத் தேர்வில் முதலிடம் வாங்கிய பெண்ணின் படம் இருபதடி நீளத்தில் வேண்டுமாம். அந்தப் பெண் வேறு யாருமில்லை, சித்தப்பா மகள் சின்னவள். கணினியில் உட்கார்ந்து அவள் முகத்தை அலங்கரிக்க வேண்டியவள் அதே தேர்வில் மண்ணைக் கவ்விய பெரியவள், கடைக்காரரின் மகள்.

இருவருக்கும் நான்கே மாத வித்தியாசம். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பன்னிரண்டு வருடமும் பெரியவள்தான் முதலில் வந்தாள். தேர்வில் மட்டும் இயற்பியல் காலை வாரிவிட்டது. ரிசல்ட் வந்த பத்து நாளில் அவள் சின்னவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வயிறு எரிந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

"மறுபடி எழுதறியா, இல்ல கடையிலயே இருந்துடறியா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. கோச்சிங்ல சேர இன்னிக்குத்தான் கடைசி" என்று சொல்லிவிட்டு அப்பா மெஷின் பக்கம் போனார்.

எழுதி இன்னொரு முறை தோற்பதற்குப் பதில், இங்கேயே இருந்து ஊரார் கல்யாணப் படங்களை ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

சின்னவளின் படத்தைத் திறந்தாள். மகாராணி மாதிரி சிரிப்பு வேறு! பெரியவளின் கை மவுசின் மேல் போனது. உயரத்தை அப்படியே விட்டு, அகலத்தை மட்டும் நூற்றுப் பன்னிரண்டு சதவீதம் ஆக்கினாள். தொழில் தெரியாதவர் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. ஏதோ உப்பிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கன்னம் பூசணிக்காயானது. அவளுக்குப் பத்து நாளில் முதல் தடவையாக நெஞ்சு குளிர்ந்தது.

மாதிரியை அனுப்பினாள். டியூஷன்காரர் ஓகே சொன்னார். சித்தி போனில், "முகத்துல இப்பத்தான் சதையே போட்டிருக்கு" என்று பூரித்தாள். அப்பாவும் அவசரத்தில் தலையாட்டிவிட்டார்.

மத்தியானம் சின்னவளே வந்து நின்றாள். லீவு நாளெல்லாம் இந்தக் கடையில் பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"எத்தன பர்சென்ட் இழுத்தே?"

பெரியவளுக்கு முகம் செத்துப்போனது. இனி சித்தப்பா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. "பன்னெண்டு" என்றாள்.

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை.

"பதினொண்ணாவதுல உன் பிசிக்ஸ் நோட்டு காணாமப் போச்சே, அது நான் எடுத்ததுதான்கா."

"என்னது?"

"நீ எப்பப் பாத்தாலும் ஃபர்ஸ்ட் வர்றது எனக்குத் தாங்கல. ஒரே ஒரு டெஸ்ட்டுக்கு ஒளிச்சு வெச்சிட்டுக் குடுத்துடலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் குடுக்க பயமாயிடுச்சு."

"அந்த டெஸ்ட்லயும் நான்தான்டி ஃபர்ஸ்ட்!"

"தெரியும். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்ல."

பெரியவளுக்குச் சிரிப்பு முட்டியது, கோபம் அதை முந்திக்கொண்டது. "கிழிச்சுப் போட்டுட்டியா?"

சின்னவள் தலையைக் குனிந்தாள். "ரெண்டு வருஷமும் அதை வெச்சுதான் படிச்சேன். உன்ன மாதிரி நம்ம சாரே எழுத மாட்டார்."

மெஷின் அறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "பிரிண்டுக்கு அனுப்பலாமாம்மா?"

"இருங்கப்பா! கோச்சிங்குக்குப் பேர் குடுத்துடுங்க, நான் எழுதறேன்" என்றவள், சின்னவள் பக்கம் திரும்பினாள். திரையில் கன்னம் இன்னும் உப்பியே இருந்தது.

"ஓடிப்போய் நோட்டக் கொண்டா. அது என் கைக்கு வந்தப்புறம்தான் உன் மூஞ்சிய சரி பண்ணுவேன்."