சுடுதண்ணீர் உள்ள இடம்

காலையில் அய்மன் எழுந்து சமையலறை ஜன்னலைத் திறந்தான். கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். கொதித்ததும் வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, குவளையால் மொண்டு குளித்தான். குளியலறைச் சுவரில் கேஸ் கீசர் மாட்டியிருந்த இடத்தில் ஆணித் துளைகளும் ஒரு பழுப்புச் சதுரமும் இருந்தன. கழற்ற வந்த ஆள், "நல்லாத்தானே இருக்கு, ஏன் தூக்கிப் போடுறீங்க?" என்று கேட்டான். "நீயே எடுத்துக்கோ" என்று சொல்ல வாயெடுத்து, பழைய இரும்புக்குப் போட்டுவிடும்படி சொல்லியிருந்தான் அய்மன்.

குளித்துவிட்டு வந்து போர்வையில் தன் பக்கத்தை மட்டும் சரிசெய்தான். மறுபக்கம் கலைந்திருக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து ஆலிவ் எண்ணெயில் தொட்டுத் தின்றான். தேநீரில் புதினா இல்லை. புதினா வாங்குவது மனைவி வியாமின் வேலையாக இருந்தது. சட்டை மாட்டி, வாசற்கதவைப் பூட்டி, டிராம் பிடித்து வேலைக்குப் போனான். ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலை. வேதியியல் படித்தவன்.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்ததும் மாமியார் வீட்டில் கூஸ்கூஸ் சாப்பாடு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். குளிர்காலத்தில் வியாம் செத்துப்போன பிறகும் அவன் போவதை நிறுத்தவில்லை. வரவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். போவது அதைவிடச் சுலபம்.

காஸாபிளாங்காவின் ஹய் முஹம்மதி பகுதியில் மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்த மலிக்கா மாமி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடா மகனே இது, ஒட்டடைக் கம்பு மாதிரி ஆயிட்டே. வேளாவேளைக்குச் சாப்பிடுறியா இல்லையா?"

"சாப்பிடுறேன் மாமி."

"எங்க, பக்கத்து வீட்டுக்காரன் சாப்பிடுறதப் பாத்துட்டு வந்துடுவாரு போல," என்றான் உள்ளே உட்கார்ந்திருந்த ஸுஹைர். வியாமின் தங்கை இஹ்ஸானின் புருஷன். அவன் மட்டும்தான் அந்த வீட்டில் இப்போதும் கிண்டல் பேசினான். அதற்காக அய்மனுக்கு அவனைப் பிடிக்கும்.

குரிப்காவிலிருந்து மாமியின் ஒன்றுவிட்ட அக்கா வந்திருந்தாள். ஹஜ் போய்வந்தவள் என்பதால் எல்லோரும் ஹாஜியம்மா என்றார்கள். இழவுக்கு வர முடியவில்லை, முழங்கால் ஆபரேஷன் என்று சொல்லி அவன் தோளைப் பிடித்து அழுதாள். அவன் நின்றான். அழுது முடித்ததும் எல்லோரும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் பெரிய தட்டு. மாமி கறித்துண்டுகளை அவன் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தாள்.

பாதிச் சாப்பாட்டில் ஹாஜியம்மா கேட்டாள். கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். புதிதாக வருகிற எல்லோரும் கேட்டார்கள்.

"நீ பக்கத்துலயே இருந்தியாமே. புள்ள கடைசி மூச்சுல கலிமா சொல்லித்தான் போனாளாமே?"

மாமி கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்லு மகனே. உன் வாயாலயே கேக்கட்டும்."

"சொன்னா, ஹாஜியம்மா."

"அல்லா ஒருத்தன்தான்னு விரலத் தூக்கினாளா?"

"தூக்கினா."

"மொகம்?"

"பளிச்சுன்னு இருந்துச்சு."

ஹாஜியம்மா கண்ணை மூடி அல்லாவைப் புகழ்ந்தாள். மாமி தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக மறுபடியும் கரண்டியை எடுத்தாள். இந்தக் கேள்வியை அவள்தான் முதலில் கேட்டாள், ஃபெஸ் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவன் போன் செய்தபோது. எப்படி ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. 'கலிமா சொன்னாளா' என்றுதான் கேட்டாள். அவன் ஆமாம் என்றான். வேறு எதையும் சொல்ல அப்போது வாய் வரவில்லை. கதையில் விரலைச் சேர்த்தது பக்கத்து வீட்டுப் பெண்கள். அவன் மறுக்கவில்லை. முகம் மட்டும் பொய்யில்லை. அவள் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதை அல்லாவின் அருள் என்றார்கள். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் கலந்தால் தோல் அந்த நிறத்துக்குத்தான் வரும் என்று அவன் படித்திருந்தான். பரீட்சைக்கு எழுதியும் இருந்தான்.

எதிரே இஹ்ஸான் சாப்பிடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அவள் ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு, "மச்சான், கொஞ்சம் தூக்கிட்டு வாங்க, கனக்குது," என்றாள். வாளி கனக்கவில்லை. மொட்டை மாடிக்கு வந்ததும் அவள் துணியைத் தொடவில்லை. போனை எடுத்தாள்.

"நானும் அவரும் டாஞ்சியர் போறோம். ரெண்டு ராத்திரி. உம்மாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா ஒப்பாரி வெப்பா."

"போயிட்டு வாங்க."

"எங்க தங்கறதுன்னுதான் சண்டை. அவரு ஒரு ஃப்ளாட் பாத்து வெச்சிருக்காரு, நாள் வாடகைக்கு. கடல் தெரியுமாம், கடல் தெரியுமாம்னு உயிர எடுக்கறாரு. நான் ஹோட்டல்ங்கறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க." போனை அவன் பக்கம் நீட்டினாள். "உங்ககிட்ட கேக்கக் கூடாதுதான். ஆனா வேற யாருகிட்டக் காட்டினாலும் கடல் தெரியுதான்னுதான் பாப்பாங்க."

அவன் போனை வாங்கினான். படுக்கை. பால்கனி. கடல். மறுபடியும் கடல். கடைசியில் குளியலறை. மூலையில் கேஸ் கீசரின் வெள்ளைப் பெட்டி, மேல்பாதி படத்துக்குள் வரவில்லை. விரலால் பெரிதாக்கினான். புகைக்குழாய் வெளியே போகிறதா என்று தெரியவில்லை. ஜன்னலும் தெரியவில்லை.

"இது வேணாம்."

"ஹோட்டல்?"

ஹோட்டல் குளியலறையையும் பெரிதாக்கிப் பார்த்தான். "கரண்டு கீசர். இதுல தங்குங்க. கல்யாணப் பத்திரம் எடுத்துட்டுப் போ."

"இப்பல்லாம் கேக்கறதில்லைங்கறாங்க மச்சான்."

"எடுத்துட்டுப் போ."

ஃபெஸுக்குப் போவதற்கு முன்னால் அவனும் வியாமும் இதே மாதிரித்தான் போனைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். அவனுக்கு ஸ்டேஷன் பக்கம் புது நகரத்தில் ஒரு ஹோட்டல் போதும். அவளுக்குப் பழைய நகரத்தின் சந்துக்குள், முற்றமும் நீரூற்றும் உள்ள வீடு வேண்டும். தங்கியவர்கள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் படுக்கையில் கிடந்தபடி சத்தமாகப் படிப்பாள். "இங்க ஒருத்தன் எழுதியிருக்கான், பாதிக் குளியல்ல சுடுதண்ணி நின்னு போச்சாம். இந்த வீடு வேண்டாம். அடுத்தது." குளிர் தாங்காத உடம்பு அவளுக்கு. பொதுக் குளியல் கூடமான ஹம்மாமுக்குப் போனால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வருவாள். வீட்டுக் கீசர் வெதுவெதுப்புக்கு மேல் போகாது. அதை ரிப்பேர் பார்க்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள்.

கடைசியில் அவள் ஜெயித்தாள். முற்றத்து வீடு. வாசலை விட்டு இறங்கும்போது கேட்டாள்: "பத்திரம் எடுத்தியா?"

"எதுக்கு? கூட வர்றது பொண்டாட்டின்னு நான் எழுத்துல காட்டணுமா? களவாணியா நாம?"

"சரி, பெரிய படிப்பாளி. எதாவது ஆனா நீதான் பேசணும்."

ஃபெஸில் மழை. முற்றத்து வீட்டு மேனேஜர் இரண்டு பேரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பத்திரம் எங்கே என்றார். அய்மன் சட்டம் பேசினான். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள் என்றான். மேனேஜர் கெட்டவர் இல்லை. "போலீஸ் வந்து கேட்டா நான்தான் சார் பதில் சொல்லணும்," என்றார். வியாம் இடையில் புகுந்தாள்.

"அவரு மொகத்தப் பாருங்க சார். எவ்வளவு சலிப்பா நிக்கிறாரு! வப்பாட்டியக் கூட்டிட்டு வந்தவன் இப்படியா நிப்பான்? எங்களுக்குக் கல்யாணம் ஆகி வருஷக்கணக்காச்சு சார்."

மேனேஜர் சிரித்தார். தேநீர் கொடுத்தார். அறை மட்டும் கொடுக்கவில்லை. பத்திரம் காஸாபிளாங்காவில் பூட்டிய வீட்டில், அலமாரிக்குள் இருந்தது. படம் எடுத்து அனுப்ப யாருமில்லை.

புது நகரத்தில் அவன் முதலில் சொன்ன ஹோட்டலிலும் அதே கேள்வி. அங்கே தேநீர் கூட இல்லை. ஸ்டேஷன் எதிரே தெருமுனையில் ஒரு ஆள் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றான். நாள் வாடகை வீட்டுத் தரகன். எதையும் கேட்க மாட்டான். வியாமின் உதடு நீலமாகிவிட்டிருந்தது. அய்மன் கை காட்டினான்.

வீடு சுத்தமாகத்தான் இருந்தது. தரகன் குளியலறை விளக்கைப் போட்டுக் காட்டினான். சுவரில் கேஸ் கீசர், கீழே சிலிண்டர். மேலே இருந்த சின்ன ஜன்னலில் அட்டையை வைத்து டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"நானே அடைச்சது. குளிர் ஒரு பொட்டு உள்ள வராது," என்றான் பெருமையாக.

அய்மன் தலையாட்டினான். வேதியியல் படித்த தலை. காலையில் திரும்பிப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்." இஹ்ஸான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணு கேக்கணும்."

"கேளு."

"போலீஸ்காரங்க பாத்ரூம் கதவ ஒடச்சாங்கன்னு ஸுஹைர்கிட்ட சொல்லியிருக்கீங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சாம்."

கீழே தெருவில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு மீன் விற்றுப் போனார்கள்.

"தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் அவ விரலத் தூக்கினத எப்படிப் பாத்தீங்க?"

"பாக்கல."

"கலிமா?"

"கேக்கல. சொன்னாளோ என்னவோ. எனக்குத் தெரியாது."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. வாளியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"பைத்தியமா எனக்கு? அத வெச்சுத்தான் அவ தூங்குறா. நீங்க சாகற வரைக்கும் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டே இருங்க. விரல் பத்தாதுன்னா ரெண்டு கையையும் தூக்கினான்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா அது எங்கக்கா இல்ல மச்சான். அது எதோ ஒரு புண்ணியவதி. எங்கக்கா வாய்க்கு அப்படியெல்லாம் வராது. எனக்கு அவ சொன்னது வேணும். எதோ சொல்லியிருப்பா. அவ சும்மா இருக்கறவ இல்ல."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். அந்த வார்த்தைகளை அவன் யாரிடமும் சொன்னதில்லை. போலீஸ்காரர் எழுதிக்கொண்டே கேட்டபோது, ஞாபகமில்லை என்றான். தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. வியாம் திட்டிவிட்டுப் போயிருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பான்.

"கேக்க நல்லா இருக்காது."

"பரவால்ல."

"எனக்கு நல்லா இருக்காதுன்னு சொன்னேன்."

"தெரியும். சொல்லுங்க."

"நான் கட்டில்ல கெடந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடை தேடிட்டிருந்தேன், போன்ல. உள்ள தண்ணி விழுந்துட்டே இருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு மேல கத்தினா. நான் பதில் சொல்லல. சிரிச்சேன்னு நெனக்கிறேன். அப்புறமும் தண்ணி விழுந்துட்டே இருந்துச்சு. ஆசையா குளிக்கிறா, குளிக்கட்டும்னு விட்டுட்டேன். ரொம்ப நேரம் விட்டுட்டேன்."

"என்ன கத்தினா?"

அவனுக்கு அவள் குரலில் சொல்ல வரவில்லை. வார்த்தைகளை மட்டும் சொன்னான்.

"அய்மன், தண்ணி என்ன சூடு, அப்படியே கொட்டுது! முற்றத்து வீடாவது மண்ணாவது. நல்ல இடமாத்தான் நீ பிடிச்சிருக்கே."